யானைக்கு விலை கால் திர்ஹம்: சதுரங்கத்தில் ஒரு காயின் பலமும் வரம்பும்

போர் நடந்த ஊர் என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் ஊர் திருப்போரூர். முருகன் அசுரர்களோடு மூன்று இடங்களில் போரிட்டான் என்பது ஐதீகம். திருச்செந்தூரில் கடலில், திருப்பரங்குன்றத்தில் நிலத்தில், திருப்போரூரில் விண்ணில். விண்ணில் நடந்த போரில் தோற்றவன் தாரகாசுரன். கந்தபுராணத்தின்படி சூரபத்மனின் தம்பிகளில் சிங்க முகம் உடையவன் ஒருவன், யானை முகம் உடையவன் தாரகன். ஆக, திருப்போரூர்க் கதையில் முருகனுக்கு எதிரே நின்றது ஒரு யானை முகம்!

அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே சுமார் 15 கி.மீ. போனால் மாமல்லபுரம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44வது செஸ் ஒலிம்பியாட் இங்கேதான், பூஞ்சேரியில் நடந்தது. மாஸ்கோவில் நடக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போர் காரணமாக இடம் மாறி இங்கே வந்தது. அதற்குச் சின்னமாக வேட்டி கட்டிய 'தம்பி' என்ற குதிரையை வைத்தார்கள். சுற்றிலும் பாறைகளில் பல்லவர் செதுக்கிய யானைகள் நிற்கும் ஊரில், யானைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

இதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. சதுரங்கத்தின் வரலாற்றில் யானையைப் போல அலைக்கழிக்கப்பட்ட காய் வேறு இல்லை. ஓரிடத்தில் பலகையின் மிகப் பலவீனமான காய்களில் ஒன்று, இன்னோரிடத்தில் ராணிக்கு அடுத்த பலசாலி. உண்மையான போர்க்களத்திலும் அதே குழப்பம்தான். யானைப்படை வென்று கொடுத்த போர்களும் உண்டு, யானையால் தோற்ற போர்களும் உண்டு. யானை உண்மையிலேயே எவ்வளவு பலம்? எங்கே அதன் எல்லை? பலகையையும் களத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு அங்கம், நான்கு வகுப்பு

சதுரங்கம் என்றால் நான்கு அங்கம். யானை, தேர், குதிரை, காலாள். இந்தியப் படைக்கு வெகுகாலமாக வழங்கிய பெயரே விளையாட்டுக்கும் வந்தது. சுமார் கி.பி. 6ம் நூற்றாண்டில் வட இந்தியாவில் இந்த ஆட்டம் உருவாகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 7ம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் இருந்த பாணபட்டர், அஷ்டாபதம் எனப்படும் 8x8 கட்டப் பலகையையும் சதுரங்கத்தையும் சேர்த்துக் குறிப்பிடுகிறார். அந்த ஹர்ஷரைத் தடுத்து நிறுத்தியவன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசி. அந்தப் புலிகேசியை வென்றவன் மாமல்லன் நரசிம்மவர்மன். அதாவது சதுரங்கம் இளமையாக இருந்த காலமும் மாமல்லபுரம் செதுக்கப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே.

இன்று கணினியிலும் மேசையிலும் 'ரோல் பிளேயிங்' விளையாட்டு ஆடுபவர்களுக்கு இந்த நான்கு அங்கம் புதிதாக இருக்காது. போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வகுப்பு, ஒவ்வொரு வகுப்புக்கும் சில பலம், சில தடை. அந்த விளையாட்டுகளின் முன்னோடியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ல் வந்தது. அதற்கு அடிப்படை 1971ல் வந்த 'செயின்மெயில்' என்ற பொம்மைப் படை விளையாட்டு. அந்த மரபைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் 19ம் நூற்றாண்டு பிரஷ்யாவின் 'கிரீக்ஸ்ஷ்பீல்' வரும். அதற்கும் முன்னால் 1780ல் ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் செஸ் பலகையை விரித்து அமைத்த போர் விளையாட்டு வரும். ஹெல்விக்குக்குப் பின்னால் நிற்பது சதுரங்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை, ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு என்ற எண்ணத்தின் வேர் அந்த நான்கு அங்கத்தில்தான் இருக்கிறது.

பலகையில் யானை: மூன்று நடை

பழைய யானை எப்படி நகர்ந்தது? இதற்கு ஒரே பதில் கிடையாது. குறைந்தது மூன்று நடைகள் பதிவாகியிருக்கின்றன.

முதலாவது, பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போன நடை. யானை குறுக்காக (மூலைவாட்டில்) இரண்டு கட்டம் தாண்டிக் குதிக்கும். நடுவில் எது இருந்தாலும் கவலை இல்லை. ஆனால் அடுத்த கட்டத்தில் எதிரி நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. பாரசீகத்தில் 'பீல்', அரபியில் 'ஃபீல்', முன்னொட்டோடு 'அல்ஃபீல்'.

இரண்டாவது, 9ம் நூற்றாண்டு அரபு ஆட்டக்காரர் அல் அத்லி, இந்தியர்கள் இப்படி ஆடுகிறார்கள் என்று குறித்து வைத்தது. யானை பலகையின் மூலையில் நிற்கும். நேராகவோ பக்கவாட்டிலோ இரண்டு கட்டம் தாண்டும்.

மூன்றாவது, 11ம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி கண்ட நடை. முன்னால் ஒரு கட்டம், அல்லது நான்கு மூலைகளில் ஏதாவது ஒன்றில் ஒரு கட்டம். மொத்தம் ஐந்து. நான்கு கால், ஒரு தும்பிக்கை! பர்மிய சதுரங்கத்தில் யானை இன்றும் இப்படித்தான் நகர்கிறது. ஜப்பானிய ஷோகியில் வெள்ளித் தளபதிக்கும் இதே நடை.

ஒரு தாளில் 64 கட்டம் போட்டு, முதல் நடையைச் சோதித்துப் பாருங்கள். ராஜா வரிசையில் மூன்றாம் கட்டத்திலிருந்து யானையைக் கிளப்பினால், எத்தனை முறை குதித்தாலும் அது மிதிக்கக்கூடிய கட்டங்கள் மொத்தம் 8தான். மீதி 56 கட்டங்களை ஆயுளுக்கும் தொட முடியாது. இன்னும் வேடிக்கை, ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம் நிற்கும் நான்கு யானைகளுக்கும் வெவ்வேறு எட்டுக் கட்டங்கள். எனவே பலகையில் எந்த யானையும் இன்னொரு யானையை வெட்டவே முடியாது. நான்கும் சேர்ந்தாலும் 32 கட்டங்கள்தான். பலகையின் சரிபாதி யானை பயமே இல்லாத இடம். நல்ல ஆட்டக்காரன் தன் ராஜாவை எந்தக் கட்டத்தில் வைத்தால் நிம்மதி என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

இரண்டாவது நடை கொஞ்சம் மேல். 16 கட்டங்களைத் தொடலாம். மூன்றாவது நடையில் வேகம் இல்லை, ஆனால் பொறுமை இருந்தால் 64 கட்டங்களையும் எட்டலாம்.

அரபு ஆட்டக்காரர்கள் காய்களுக்குக் காசுக் கணக்கில் மதிப்பு போட்டார்கள். தேர் (அவர்கள் சொல்லில் 'ருக்') ஒரு திர்ஹம். குதிரை முக்கால் திர்ஹத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. யானை கால் திர்ஹம். நடுவில் நிற்கும் நல்ல சிப்பாய்க்கும் ஏறக்குறைய அதே விலைதான்!

தலைகீழ் மதிப்பு

இங்கேதான் கேள்வி எழுகிறது. சதுரங்கம் பிறந்த காலத்தில் இந்தியப் போர்க்களங்களில் தேர் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. தேர் இதிகாசத்திலும் கோயில் திருவிழாவிலும் மட்டுமே ஓடியது. யானையோ அரசனின் பெருமை, படையின் முன்னணி. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசனின் வெற்றி முதன்மையாக யானையைப் பொறுத்தது என்கிறது. தமிழில் பரணி என்ற இலக்கிய வகையே, போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனைப் பாடுவதற்கு என்று இலக்கணம் சொல்கிறது. ஆயிரம் குதிரை என்றோ ஆயிரம் வீரர் என்றோ சொல்லவில்லை. எதிரியின் பலத்தை அளக்க யானைதான் அளவுகோல்.

அப்படியிருக்க, களத்தில் இல்லாத தேருக்குப் பலகையில் ஒரு திர்ஹம், களத்தையே கலக்கும் யானைக்குக் கால் திர்ஹம் என்பது எப்படி?

ஆட்ட விதியை வகுத்தவர்கள் போர் அனுபவத்தை நினைத்தே இப்படிச் செய்தார்கள் என்று சொல்ல நேரடிச் சான்று கிடையாது. ஆனால் யானை களத்தில் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் அந்தக் கால் திர்ஹம் அவ்வளவு அநியாயமாகத் தோன்றவில்லை.

களத்தில் யானை: பலம்

முதலில் நியாயமாகப் பலத்தைச் சொல்லிவிட வேண்டும்.

வளர்ந்த ஆசிய ஆண் யானை ஒன்பது அடி உயரம், நான்கு டன் எடை. காலாள் வரிசை எவ்வளவு நெருக்கமாக நின்றாலும் அது நடந்து வந்தால் வழி விட்டுத்தான் ஆக வேண்டும். பழக்கமில்லாத குதிரைகள் யானையின் வாசனைக்கே மிரளும். மேலே அமர்ந்த வில்லாளிக்கு உயரம் கிடைக்கிறது. தளபதிக்குக் களம் முழுவதும் தெரிகிறது, வீரர்களுக்கும் தளபதி தெரிகிறான்.

1225ல் சீன அதிகாரி ஜாவ் ரூகுவா எழுதிய குறிப்பு சோழ நாட்டு யானைப்படையைப் பற்றிச் சொல்கிறது. யானைகளின் முதுகில் வீடு போன்ற அமைப்பு, அதற்குள் வீரர்கள். தூரத்தில் இருந்தால் அம்பு, பக்கத்தில் வந்தால் ஈட்டி. வென்ற யானைகளுக்குப் பட்டப் பெயர் கொடுப்பார்களாம். பல்லவர்களும் யானைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாமல்லனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன், சாளுக்கிய விக்கிரமாதித்தனோடு பெருவளநல்லூரில் மோதியதைக் கூரம் செப்பேடு விரிவாகச் சொல்கிறது. அதில் அவன் யானையின் பெயர் அரிவாரணம், குதிரையின் பெயர் அதிசயம். ஒரு விலங்கின் பெயரைச் செப்பேட்டில் வெட்டி வைக்கிறார்கள் என்றால் அதன் மதிப்பு புரியும்.

ஆனால் அர்த்தசாஸ்திரத்தில் யானைக்கு ஒதுக்கிய வேலைப் பட்டியலைக் கவனித்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. படைக்கு முன்னால் போவது, புதுப் பாதை போடுவது, நீர்த்துறை அமைப்பது, ஆற்றைக் கடக்க உதவுவது, படையின் இரு பக்கங்களையும் காப்பது, நெருக்கடியான இடத்தில் புகுவது, கூடி நிற்கும் படையைக் கலைப்பது, மதிலையும் கதவையும் உடைப்பது... நேருக்கு நேர் சண்டை இதில் ஒரு பகுதிதான். மீதியெல்லாம் இன்றைய மொழியில் சொன்னால் புல்டோசர், கிரேன், பாலம், லாரி ஆகியவை செய்யும் வேலை. யானையின் அசல் பலம் அங்கேதான் அதிகம்.

களத்தில் யானை: வரம்பு

முதல் வரம்பு, திரும்பும் யானை. கி.மு. 326ல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸின் யானைகள் அலெக்சாண்டரின் படையை முதலில் நடுங்க வைத்தன. பாகன்கள் விழுந்து, காயம் பட்டு, நெருக்கப்பட்டதும் அதே யானைகள் தம் படையையும் எதிரிப் படையையும் வேறுபாடு இல்லாமல் மிதித்தன. குத்துப்பட்ட யானைக்குக் கட்சி கிடையாது. கி.மு. 207ல் மெட்டாரஸ் ஆற்றுப் போரில் கார்த்தேஜ் படையின் பாகன்கள் கையில் உளியும் சுத்தியும் வைத்திருந்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். யானை மிரண்டு திரும்பினால் அதன் பிடரியில் உளியை வைத்து அடித்துக் கொன்றுவிடுவதற்காக! தன் ஆயுதத்தைத் தானே அழிக்க ஒரு கருவியைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இதுவே யானைப்படை பற்றிய மிகச் சுருக்கமான விமர்சனம்.

இரண்டாவது, நேராகப் போகும் யானை. கி.மு. 202ல் ஜாமா போரில் ஹன்னிபாலிடம் சுமார் 80 யானைகள் இருந்தன. ரோமானியத் தளபதி சிப்பியோ தன் படைவரிசைகளுக்கு நடுவே நீளமான சந்துகளை விட்டு வைத்தான். யானைகள் அந்தச் சந்துகளில் ஓடி மறுபக்கம் போய்விட்டன. பலகையில் பார்த்த அந்தப் பழைய காய் நினைவுக்கு வருகிறதா? தாண்டிக் குதிக்கும், ஆனால் பக்கத்துக் கட்டத்தில் நிற்பவனை ஒன்றும் செய்யாது. எங்கே மிதிக்கும் என்று தெரிந்தால் விலகி நிற்பது சுலபம்.

மூன்றாவது, தீனி. யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ வரை தீவனமும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். சீனக் குறிப்பு சோழரிடம் 60,000 போர் யானைகள் இருந்ததாகச் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60,000 x 150 = 90,00,000 கிலோ. தினமும் 9,000 டன் தழை. இன்றைய பத்து டன் லாரியில் ஏற்றினால் ஒரு நாளைக்கு 900 லாரி! இன்று இந்தியா முழுவதிலும் உள்ள காட்டு யானைகளே 30,000க்கும் குறைவு. ஆகவே அந்த எண்ணை 'மிகப் பல' என்று மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

நான்காவது, வளர்க்க முடியாத காய். யானையின் கர்ப்பகாலம் சுமார் 22 மாதம். பிறந்த குட்டி போருக்கு ஆக இருபது வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை போடும் தீனிக்கு எந்த அரசன் கணக்கு எழுதுவான்? எனவே காட்டில் வளர்ந்ததைப் பிடித்துப் பழக்கினார்கள். பிடிக்க ஏற்ற வயது இருபது, நாற்பது வயது யானை உத்தமம் என்கிறது அர்த்தசாஸ்திரம். காடு இல்லாத அரசனுக்கு யானைப்படை இல்லை. சிப்பாய் இறந்தால் ஊரில் இன்னொருவனைச் சேர்க்கலாம். யானை இறந்தால் காடுதான் இன்னொன்றைத் தர வேண்டும்.

யானை மேல் துஞ்சியவர்கள்

இவையெல்லாம் யானையின் வரம்புகள். மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே இரண்டு பெரிய சாட்சிகள் இருக்கிறார்கள்.

கி.பி. 949. தொண்டை மண்டலத்துத் தக்கோலம் (இன்று ராணிப்பேட்டை மாவட்டம்). ஒரு பக்கம் முதலாம் பராந்தக சோழனின் மூத்த மகன் இராஜாதித்தன். மறுபக்கம் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனும் அவனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும். போர் நடந்துகொண்டிருக்கும்போதே இராஜாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்டான். கிருஷ்ணனின் அம்புகள் மார்பில் பாய்ந்து இறந்தான் என்று சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது. பூதுகன்தான் கொன்றான் என்று ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. எப்படி இறந்தான் என்பதில் இரண்டும் மாறுபட்டாலும், எங்கே இறந்தான் என்பதில் மாறுபாடு இல்லை. பிற்காலக் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சின' என்ற அடைமொழியோடு குறிக்கின்றன. கங்கர்களின் அரச முத்திரை எது தெரியுமா? யானை!

தலைவன் விழுந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சோழப்படை கலைந்தது. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. பராந்தகன் காலத்தில் வளர்ந்த சோழநாடு மறுபடி நிமிர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

கி.பி. 1054. துங்கபத்திரைப் பக்கம் கொப்பம். சாளுக்கிய முதலாம் சோமேசுவரனோடு போர். சோழ அரசன் முதலாம் இராஜாதிராஜன் யானை மேலிருந்து போரிட்டு அங்கேயே உயிர்விட்டான். 'யானைமேல் துஞ்சின பெருமாள்' என்று கல்வெட்டுகள் அவனையும் சொல்கின்றன. நூறு வருட இடைவெளியில் அதே வம்சம், அதே முடிவு.

ஆனால் கொப்பத்தில் ஒரு வித்தியாசம். அரசனின் தம்பி இரண்டாம் இராஜேந்திரன் உடனே தன் யானையை முன்னால் செலுத்தினான். எதிரியின் அம்புகள் அவனுடைய யானையின் நெற்றியிலும் அவன் தொடையிலும் பாய்ந்தன என்று அவன் மெய்க்கீர்த்தி பாடுகிறது. அந்த மெய்க்கீர்த்தி பொறித்த கல்வெட்டு ஒன்று செங்கல்பட்டு வட்டாரத்துக்கு வடக்கே மணிமங்கலம் கோயிலிலும் இருக்கிறது. மாமல்லன் புலிகேசியோடு மோதிய அதே மணிமங்கலம். இராஜேந்திரன் பின்வாங்கவில்லை. போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். போர் சோழர் வசமானது.

தக்கோலத்தில் தோற்றதும் கொப்பத்தில் வென்றதும் யானையின் எண்ணிக்கையால் அல்ல. இரண்டு இடத்திலும் யானை ஒரே வேலையைத்தான் செய்தது. தன் மேல் இருந்தவனை எல்லோருக்கும் காட்டியது. நண்பனுக்குக் காட்டியபோது தைரியம், எதிரி வில்லாளிக்குக் காட்டியபோது மரணம். யானையின் மிகப் பெரிய பலமும் மிகப் பெரிய பலவீனமும் அதே ஒன்பது அடி உயரம்தான். பக்கத்தில் இன்னொரு தலைவன் தயாராக இருந்ததே கொப்பத்தின் ரகசியம். சதுரங்கப் பலகையில் இது முடியாது. அங்கே ராஜா போனால் ஆட்டம் முடிந்தது, தம்பி வந்து முடிசூட விதி இடம் தராது.

காய் மாறியது

களத்தில் யானையின் கதை பீரங்கியோடு மாறிவிட்டது. 1526ல் பானிபட்டில் இப்ராகிம் லோடியின் யானைகளால் பாபரின் துப்பாக்கி, பீரங்கி வரிசையைக் கலைக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் யானைகள் படையில் இருந்தன. ஆனால் வேலை மாறியது. பீரங்கி இழுப்பது, சுமை தூக்குவது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் யானைகள் பாலம் கட்டின. சுற்றி வளைத்து அர்த்தசாஸ்திரப் பட்டியலின் பாதை, பாலம், நீர்த்துறை வேலைக்கே திரும்பி வந்துவிட்டன.

பலகையில் நேர்மாறாக நடந்தது. 15ம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் புது விதிகள் வந்தன. ராணிக்கு வந்த பலம் எல்லோருக்கும் தெரியும். அதோடு சேர்த்து, இரண்டு கட்டம் மட்டும் குதித்த அல்ஃபீல் குறுக்கே எத்தனை கட்டம் வேண்டுமானாலும் ஓடலாம் என்று ஆனது. ஆங்கிலேயர் அதைப் பிஷப் என்றார்கள். நம்மூரில் மந்திரி. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் இன்றும் 'அல்ஃபில்', ரஷ்ய மொழியில் இன்றும் யானை. யானையின் உருவம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவிலோ யானை வேறு வழியில் முன்னேறியது. வங்காளத்து அறிஞர் ரகுநந்தனர் விவரிக்கும் நால்வர் சதுரங்கத்தில் யானை, தேரின் நடையை எடுத்துக்கொண்டு நேர்கோட்டில் ஓடுகிறது. பழைய இரண்டு கட்டக் குதி படகுக்குப் போய்விட்டது. இன்று தமிழ்நாட்டில் தெருவில் செஸ் ஆடும் பிள்ளைகள் மூலையில் நிற்கும் காயை யானை என்றுதான் சொல்கிறார்கள். புத்தகத்தில் கோட்டை என்று இருந்தாலும் வாயில் வருவது யானை. காலி பலகையில் எங்கே வைத்தாலும் அதற்கு 14 கட்டம். மதிப்பு 5 புள்ளி. கால் திர்ஹம் யானை ஒரு திர்ஹம் தேரின் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது!

சீனாவில் மட்டும் பிடிவாதமாகப் பழைய யானை. அதுவும் குறுக்கே இரண்டு கட்டம்தான், நடுவில் காய் நின்றால் தாண்டவும் முடியாது. பலகையின் நடுவே ஓடும் ஆற்றைக் கடக்கக் கூடாது. எனவே அது தொடக்கூடிய இடங்கள் ஏழுதான். அங்கே யானை தாக்கும் படை அல்ல, தளபதியைக் காக்கும் காவல். சீன ஆட்டக்காரர்கள் அதைக் குறை சொல்வதில்லை. அந்த ஏழு இடங்களில் எங்கே நிறுத்தினால் காவல் நிற்கும் என்று தெரிந்தவனே அங்கே நல்ல ஆட்டக்காரன்.

முடிவாக

யானை பலமா, பலவீனமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொன்னால், அது முதல் அடிக்குப் பலம், இரண்டாம் அடிக்கு ஆபத்து. கலைப்பதற்கு நல்லது, பிடித்து வைக்க உதவாது. பாதை போட, பாரம் இழுக்க, மதில் உடைக்க அதற்கு இணை இல்லை. தலைவனை ஏற்றி வைக்க அதைவிட ஆபத்தான ஆசனமும் இல்லை. அரபு ஆட்டக்காரர்கள் போட்ட கால் திர்ஹம் அதன் உருவத்துக்கு அவமானமாக இருக்கலாம். ஆனால் உருவத்தைப் பார்த்து மதிப்பு போட்ட அரசர்கள் கொடுத்த விலை அதைவிட மிக அதிகம். தக்கோலத்தில் சோழர்கள் கொடுத்தது ஒரு இளவரசனையும் ஒரு மண்டலத்தையும்.

இதில் யாரும் கணக்கில் சேர்க்காத ஒரு தரப்பு உண்டு. அது யானை. காட்டில் பிடிபட்டு, பழக்கப்பட்டு, நெற்றியில் அம்பு வாங்கி, திரும்பினால் பிடரியில் உளி வாங்கி... அது யாருடைய போர் என்று அதற்குத் தெரியாது.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் அதை அறிந்திருப்பார்களோ என்று தோன்றுகிறது. ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பத்துப் பாறையில் அம்பாரி சுமந்த யானைகளின் முகங்கள் உண்டு. ஐந்து ரதங்களுக்கு நடுவே ஒற்றைக் கல் யானை ஒன்று அமைதியாக நிற்கிறது. ஊர் நடுவே அர்ச்சுனன் தபசுப் பாறையில், போர்களாலேயே பெயர் வாங்கிய பல்லவ வம்சத்தின் சிற்பிகள் உயிர் அளவில் யானைகளைச் செதுக்கினார்கள். அதன் மேல் வில்லாளி இல்லை, அம்பாரி இல்லை, பாகனும் இல்லை. அதன் கால்களுக்கு இடையே குட்டிகள் இருக்கின்றன.

2022ல் செஸ் ஆட வந்தவர்களில் பலர் ஓய்வு நாளில் அந்தப் பாறையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பலகையில் மூலைக்கு மூலை நின்ற காய்க்கு உருவம் கோட்டை. அதன் பழைய சொந்தக்காரன் பாறையில், குட்டிகளோடு.